ஐந்து வாரக் கட்டு

இன்று காலை துடியலூரில் ஒருவருக்கு மாவுக்கட்டுப் போட்டேன். துணியை நீரில் நனைத்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை எழுந்தது. உன் நினைவு வந்துவிட்டது, அம்மணி. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நாம் ஒருவரையொருவர் அப்படித்தானே கூப்பிட்டுக்கொண்டோம்.

தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் வரப்பு வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாய். முழங்கை பின்பக்கமாக நழுவியிருந்தது, எலும்பு முறியவில்லை. நான்தான் இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டேன். புயத்து எலும்பின் உருண்ட முனையை முன்கை எலும்பு கொக்கிபோலக் கவ்விக்கொள்ளும். இருபுறமும் நார்கள் இழுத்துப் பிடிக்கும். உறுதியான மூட்டுதான். பொருந்தி நின்றுவிட்டால் பத்து நாளுக்குள் அசைக்கத் தொடங்க வேண்டும். எத்தனையோ பேருக்கு இதைச் சொன்னவள், உன் கை என்றதும் பயந்துவிட்டேன். மறுபடி நழுவினால்? ஐந்து வாரம் கட்டைப் பிரிக்கவே இல்லை.

பிரித்த அன்று மதியம் உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றோடு எழுந்த கை பாதி வழியிலேயே நின்றது. நீ குனிந்து வாயைக் கையிடம் கொண்டுபோனாய். நான் தண்ணீர் எடுப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"சில பேருக்கு இப்படி இறுகிக்கும்" என்றேன். பழியை உன் உடம்பின்மேல் போட்டேன்.

எட்டு மாதம் பஸ் ஏறி என் ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்கு வந்தாய். ஒருநாள் உன் விரல்கள் உதட்டைத் தொட்டன. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கட்ட நான் முன்னாடியே பிரிச்சிருக்கோணும். தப்பு என்னுது அம்மணி."

"தெரியுமே. இங்க வாரவங்ககிட்டயெல்லாம், எத்தன நாள்ல கட்டுப் பிரிச்சாங்கன்னு கேட்டுப்போட்டேன். நீயாச் சொல்லுவியான்னு பாத்துட்டிருந்தேன்."

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா டாக்டராப் பதில் சொல்லியிருப்பே."

கை வாய்க்கு எட்டியது. முழுதாக நீளவே இல்லை. போன வருஷம் காய்ச்சலில் படுத்த நீ எழவில்லை. உன்னைக் கிடத்தியபோது வலது கை மட்டும் சற்று மடிந்தே இருந்தது. யாரோ அதை நேராக்கப் பார்த்தார்கள். "விட்டுருங்க, அது அப்படித்தானுங்க" என்றேன்.

சென்ற மாதம் சரவணம்பட்டிக்காரர் ஒருவரிடம், "நான் கணிச்சது தப்பாப் போச்சுங்க" என்று, தெரிந்த அன்றே சொன்னேன். கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போய்விட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால், நான் வாய் திறப்பேனா என்று அவரை எட்டு மாதம் காக்க வைக்கவில்லை, அம்மணி.