பருப்புக்கு முன்னால் வந்த சாம்பார்

மைனி, தக்கலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். எரிசேரிக்கு வறுத்த தேங்காயின் மணம் கை கழுவிய பிறகும் விரலில் நிற்கிறது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. நீங்கள் இல்லாமல் ராஜியோடு நான் உட்கார்ந்த முதல் பந்தி இது. அண்ணனிடம் சொன்னால் உங்களை நினைத்துக் கண் கலங்குவான். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

குலசேகரத்தில் உங்கள் தம்பி கல்யாணம் நினைவிருக்கிறதா? என் மகள் ராஜிக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம் என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லி அதிக நாள் ஆகவில்லை. ராஜிக்குப் பேச்சு குறைவு, மைக் சத்தம் ஆகாது, யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். ஆனால் பந்தி என்றால் பிரியம். முதலில் பருப்பும் நெய்யும், அப்புறம் சாம்பார். எது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பருப்பு வாளி வர நேரமானதால் விளம்புகிறவர் சாம்பாரை முதலில் ஊற்றிவிட்டார். ராஜி காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். தள்ளிவிட்ட இலையிலிருந்து சாம்பார் பக்கத்து அம்மாவின் பட்டுப்புடவையில் கொட்டியது.

உங்கள் சித்தப்பா எழுந்தார். "செல்லம் குடுத்துக் கெடுத்தாச்சு. இனி இந்தப் பிள்ளைக்கு உள்ரூம்ல வச்சுக் குடுங்க, எல்லாருக்கும் நல்லது."

எனக்கு அவமானமாகப் போயிற்று. இனி எந்தப் பந்திக்கும் இவளைக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்து தூக்கப் போனேன்.

"ஏட்டி, அங்கேயே இரி" என்று வந்து நின்றீர்கள். மாப்பிள்ளைக்கு அக்கா, கழுத்து நிறைய நகை, முகத்தில் அப்படியொரு கோபம். "சித்தப்பா, ஒங்க மகன் கல்யாணத்துல அவியல் இடம் மாறிப் போச்சுண்ணு இலைய மடக்கிட்டு எந்திரிச்சது யாரு? அண்ணைக்கு ஒங்கள உள்ரூம்ல வச்சா குடுத்தோம்?"

பந்தியே சிரித்தது. இலையில் துவட்டல் இடத்தில் பச்சடி இருந்தால் சம்பந்திச் சண்டை வருகிற நாடல்லவா நம்முடையது! சித்தப்பாவும் சிரித்துவிட்டார்.

ராஜி உடனே அடங்கிவிடவில்லை. மேசைக்கு அடியில் போய் முனகிக்கொண்டிருந்தாள். "யாரும் கிட்ட வராண்டாம், தொடாண்டாம். அந்த மைக்க நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தீர்கள். கொஞ்சம் தள்ளியே இருந்தீர்கள். அடுத்த பந்திக்குப் புது இலை போட்டுப் பருப்பும் நெய்யும் வைத்ததும் அவளே வெளியே வந்து உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் வண்டியில் சொன்னீர்கள்: "சித்தப்பாவுக்கு வீம்பு. இவளுக்குப் பயம், மக்கா. அடுத்தது என்ன வரும்ணு தெரியாத பயம். ரெண்டையும் ஒண்ணாக் கூட்டிராத."

இன்றைக்கு எங்களுக்கு எதிரே தேங்காய்ப்பட்டணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கணவன் கல்ஃபில். மகனுக்கு ஆறு வயது இருக்கும், அவனுக்கும் ஆட்டிசம்தான். ஆனால் ராஜிக்கு நேர்மாறு, வாய் ஓயவில்லை. எந்தப் பஸ் எந்த வழியாகப் போகும் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்கிறான். கையை உதறிக்கொண்டு ஓடுகிறான். பப்படம் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஒரே பேருக்குள் எத்தனை விதமான பிள்ளைகள், மைனி!

கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து, "பிள்ளைய கார்ல வச்சுக் குடுங்களேன்" என்றார். அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"அவன் இங்கதான் சாப்பிடுவான்" என்றேன் அவரிடம். "நாலு பப்படம் கொண்டாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். பப்படம் வந்தது.

ராஜி தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது ஆகிவிட்டது. இப்போதும் பேச்சு குறைவுதான், வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுவாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, வளந்தா இவனும் ஒங்க மக மாதிரி ஆவானா?"

"ஆகமாட்டான். அவ அவளா வளந்திருக்கா, இவன் இவனா வளருவான். நீ சாப்பிடு, ரசம் வருது."

பந்தியில் யாராவது முகம் சுளித்தால் இத்தனை வருடமும் என் கண் முதலில் உங்களைத்தான் தேடும். இன்றைக்குத் தேடவில்லை, மைனி.