கடல் இருந்த இடத்தில் வீடு

மார்ச் 4
இன்றைக்கும் நாய் உள்ளே புகுந்து அத்தையின் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. போகாதா பின்னே? வாசல் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்தால் நாய் என்ன, ஊரே வந்து போகும். கேட்டால் அத்தையிடம் ஒரே பதில்: "எம் பிள்ளை அகாலத்துல வந்து நின்னா? கதவைத் தட்டி ஊரை எழுப்பணுமா?"

பதினோரு வருஷமாக இதே பாட்டு. மீன் விற்கப் படகில் அக்கரைக்குப் போன மனுஷன், என் வீட்டுக்காரர். அன்று பார்த்துப் புயல். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. அங்கே எவளோடோ குடித்தனம் நடத்துகிறார் என்று வலை வியாபாரி ஒருத்தன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அத்தைக்கு அதிலும் சந்தோஷம், பிள்ளை உயிரோடு இருக்கிறானாம். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

மார்ச் 19
கடலை மறித்துக் கட்டிவந்த அணையில் கடைசி இடைவெளியையும் மூடிவிட்டார்கள். நேற்றுவரை கடல், இன்று குளம். நாளை முதல் பம்புகள் ஓடும். அவற்றுக்கு எண்ணெய் விட்டு, கிரீஸ் வைத்து, பாசி அடைக்காமல் பார்ப்பது என் வேலை. தண்ணீர் வடிந்தால் நிலமாம், குடும்பத்துக்கு ஒரு மனையாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அடியில் அவர் படகு கிடந்தால் தெரிந்துவிடும். கிடக்காவிட்டாலும் தெரிந்துவிடும்.

மே 2
எதை வேண்டிக்கொள்வது? படகு கிடைத்தால் செத்துப்போனார். கிடைக்காவிட்டால் என்னை விட்டுப் போனார். சே, இதெல்லாம் ஒரு வேண்டுதலா!

ஜூன் 27
இன்று ஒரு பம்பை நிறுத்திவிட்டேன். என்ஜின்காரர் ஓடிவந்தார்.
"என்னம்மா ஆச்சு?"
"சூடாயிடுச்சுண்ணே."
அவர் பம்பின் மேல் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்திருக்கும். "சரி, ஒரு டீ குடிச்சிட்டு வந்து போடலாம்" என்றார். நல்ல மனுஷன்.

ஆகஸ்ட் 9
சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது. நாற்றம் தாங்கவில்லை. அத்தை அணைமேல் குடையோடு உட்கார்ந்திருக்கிறார். காற்று வாங்குகிறாராம்! இந்த நாற்றத்திலா?

செப்டம்பர் 14
கிடைத்துவிட்டது.

செப்டம்பர் 15
நேற்று எழுத முடியவில்லை. வாய்க்கால் வெட்டுகிறவர்கள் வந்து கூப்பிட்டார்கள். பலகை போட்டுப் போட்டு நடந்து போனேன். படகின் பக்கவாட்டில் ஓட்டையை மூட நான் அடித்த தகரம், கோணலாக. "உனக்கு ஆணி அடிக்கத் தெரியல" என்று அவர் சிரித்த அதே தகரம். உள்ளே ஆள் இல்லை. எலும்புகூட இல்லை. சேறு, சேறு. அதற்குள் பிளாஸ்டிக் மீன் பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, கயிறு போட்டுக் கட்டியபடி.

மீனோடு போகும்போது பெட்டியை அப்படிச் செருக முடியாது. காலியானால்தான் முடியும். விற்றுவிட்டுத்தான் வந்திருக்கிறார். திரும்பி வந்துகொண்டுதான் இருந்தார்! நான் இத்தனை வருஷமா யாரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்? ஐயோ, வீட்டுக்குத்தானய்யா வந்திட்டிருந்தே—

செப்டம்பர் 16
அத்தையைக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். படகைச் சுற்றி வந்தார். தகரத்தைத் தடவினார்.
"இது அவன் படகு இல்லடி. வேற யாரோடதோ."
மற்ற நாளாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். "ஆமா அத்தை, வேற யாரோடதோதான்" என்றேன். வழியெல்லாம் அவர் படகையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நவம்பர் 30
மனை கொடுக்கும் அலுவலகத்தில் கூட்டம். பள்ளிக்கூடம் பக்கம், சந்தை பக்கம் என்று அடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் சந்தைப் பக்கம் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.
"அந்தப் படகு கிடந்த இடத்தைக் குடுங்க சார்."
"அது தாழ்வான இடம்மா. உப்பு போகாது. ஒண்ணும் முளைக்காது."
"முளைக்காட்டிப் போகுது. யாரோ பெத்த பிள்ளை. துணைக்கு ஆள் வேணாமா?"
அதிகாரி என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளச் சொல்லித் தலையாட்டினேன்.

ஜனவரி 11
ஒரு வருஷத்துக்கும் மேல் இந்த நோட்டைத் தொடவில்லை. மண் இறுக வேண்டும், மழை உப்பைக் கழுவ வேண்டும் என்று காக்க வைத்தார்கள். இன்று குடிவந்தோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. பக்கத்து மனைக்காரர் முள்ளங்கி போட்டு முளைத்தும் இருக்கிறது. நம்முடையதில் புல்கூட இல்லை. அதிகாரி பொய் சொல்லவில்லை.

விளக்கு ஏற்றியதும் அத்தை எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் பார்த்து அவர் தாழ்ப்பாள் போட்டதே கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. போய்த் தாழ்ப்பாளை எடுத்து, கதவை லேசாகத் திறந்து வைத்தேன்.
"புழுக்கமா இருக்கு அத்தை. திறந்தே கிடக்கட்டும்."
வெளியே பல் கிட்டிக்கிற குளிர். அத்தை எழுந்தார். பெட்டியைத் திறந்து எனக்கு இன்னொரு போர்வை எடுத்துக் கொடுத்தார்.