பூவரச மரத்தடியில் என்னை நிறுத்தியவளுக்கு

கண்ணு,

இன்று காலை கறுப்புக் கோட்டை வெயிலில் போட எடுத்தேன். உன் பட்டமளிப்புக்குப் போட்டுக்கொண்டு வந்தேனே, அதே கோட்டு. உள்பையில் கையை விட்டால் விரலில் ஏதோ குத்தியது. ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத உன் பென்சில், எப்போது அங்கே போட்டாயோ. நடுவில் உன் பல் பட்ட தடம் அப்படியே இருக்கிறது.

அன்றைக்குக் கவர்னர் துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "இந்தப் பெண்ணுக்கு மாமா நீங்கள்தானா?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதை நான் மயிலாப்பூர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொல்ல ஆரம்பித்தாலே நீ இந்தப் பென்சிலைக் கையில் எடுப்பாய். "பார்த்ததா மாமா, கேட்டதா, சேர்த்ததா?" பார்த்ததற்குச் சிவப்புக் கோடு, கேட்டதற்கு நீலம், நான் சேர்த்ததற்குக் கோடே கிடையாது. அது உன் சட்டம்.

சரி, சேர்த்ததுதான். ஆனால் கவர்னர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அதற்குச் சிவப்பு போட்டே ஆக வேண்டும்.

நான் நாலாம் பாரத்தோடு நின்றவன். நான் போனதும் அந்தப் பள்ளிக்கூடமே களையிழந்துவிட்டதாகக் கேள்வி. நீயோ என் அக்கா மகள், நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். பொருளாதாரத்தில் ஆனர்ஸ். கடைசி வருஷம் நீயே ஒரு விஷயத்தை எடுத்து ஆராய்ந்து தீசிஸ் எழுத வேண்டும் என்றார்கள். சாந்தோம் கரையிலிருந்து மீன்கூடை தூக்கிக் கிளம்பும் பெண்கள், மயிலாப்பூரில் இத்தனை வீடு இருக்க, அதையெல்லாம் தாண்டி மாம்பலத்தில் புதிதாக எழும்பிய நகருக்கு ஏன் நடக்கிறார்கள்? இதுதான் நீ எடுத்த கேள்வி.

"இதுக்குப் போயி ஆராய்ச்சியா? அங்க புதுப் பணக்காரங்க, விலை ஜாஸ்தி குடுப்பாங்க. எழுதிக்கோ, தீசிஸ் முடிஞ்சுது" என்றேன்.

"அது நீங்க சொல்றது மாமா. நடக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கணும்" என்றாய்.

தனியாகக் குப்பத்துக்கு அனுப்ப உன் அப்பா ஒப்பவில்லை. துணைக்கு நான் வந்தேன். அந்தக் கரையில் என்னைத் தெரியாத நண்டுகூடக் கிடையாது என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். நண்டுகளைப் பற்றி நான் சத்தியம் செய்யமாட்டேன். மனிதர்களுக்கு என்னைத் தெரியும் என்பதை நீயே பார்த்தாய்.

"இன்னா நைனா, காலங்காத்தால? யாரு இது, கூட இட்டுகினு வந்துகீறே?"

வவ்வால் மீன் விற்கும் அந்தோணியம்மாவின் குரல் அது. ஒரு காலத்தில் நம் வீட்டுக் கொல்லைவாசலுக்குத் தினமும் வந்தவள். எதனாலோ அப்போது வருவதைக் குறைத்திருந்தாள்.

"என் அக்கா பொண்ணு. உங்களைப் பத்திக் காலேஜுல புஸ்தகம் எழுதப்போவுது. மாம்பலத்துல விலை ஜாஸ்தி, அதனாலதானே போறீங்க?"

"ஆமா நைனா, விலைதான். பின்ன, உன் மூஞ்சியாட்டம் அழகான மூஞ்சி பாக்கறதுக்கா அவ்ளோ தூரம் போறோம்?"

கரையே சிரித்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேச்சில் கெட்டிக்காரிகளாகப் பொறுக்கிப் பொறுக்கி உன் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தேன். எல்லாரும் விலை என்றார்கள். நீ எழுதிக்கொண்டே பென்சிலைக் கடித்தாய். ஆராய்ச்சி என்றால் பென்சில் கடிப்பது என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

உன் புரொபசர் அதைப் படித்துவிட்டு, "இத்தனை பெண்களும் ஒரே ஆள் பேசுகிற மாதிரி பேசுகிறார்களே, யார் அந்த ஆள்?" என்று கேட்டாராம். இப்படியே கொடுத்தால் ஏற்பதற்கில்லை என்று திருப்பிவிட்டாராம். இது நீ சொல்லிக் கேட்டது, நீலம்.

அன்று சாயங்காலம் கல்லூரிக்குக் கட்டிப்போன புடவையைக்கூட மாற்றாமல் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். சித்தூரில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். தீசிஸ் தேறினால் கல்லூரியிலேயே உனக்கு வேலை. தேறாவிட்டால் பங்குனியில் சித்தூர். உன் அப்பா கொடுத்த கெடு அவ்வளவுதான்.

"இது போச்சுன்னா எனக்கு இந்த ஜன்னல்தான் மாமா. ஊர் மட்டும் மாறும்" என்றாய்.

நான் உடனே எழுந்தேன். "உன் புரொபசர் வீட்டுச் சமையல்காரன் எனக்கு ரொம்ப வேண்டியவன். நான் போயி ஒரு வார்த்தை பேசிட்டு வந்தா..."

"ஐயோ, நீங்க பேசினதுதான் மாமா வந்த வினையே!"

சொல்லிவிட்டு நீயே சிரித்துவிட்டாய். அழப்போன பெண் சிரித்தது எனக்குப் போதும் என்று நினைத்தேன். நீ அதோடு விடவில்லை. மறுநாளே என்னைத் திரும்பவும் கரைக்கு அழைத்துப் போனாய். கெட்டிக்காரிகளைத் தேடி நான் கண்ணை ஓட்டியதும் என் கையைப் பிடித்தாய். "நல்லாப் பேசறவங்களைத் தேடாதீங்க மாமா. வரிசையில அடுத்தது எந்தக் கதவோ, அதுதான். பேசாதவங்களும் கூடை தூக்கறாங்க இல்ல?"

பிறகு உன் திட்டத்தைச் சொன்னாய். ஒரு கதவில் நான் உன் பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த கதவுக்கு நீ போகும்போது, பேச்சுக் காதில் விழாத தூரத்தில் இருந்த பூவரச மரத்தடிக்கு நான் போய்விட வேண்டும். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே, சொல்கூட மாறாது.

"நான்தான் தொந்தரவுன்னா வீட்டுலயே இருந்துடறேனே" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடு.

"நீங்க இருந்தா என்ன மாறுதுன்னு எனக்குத் தெரியணும் மாமா. அதையும் எழுதணும். நீங்க இல்லாம இந்த ஆராய்ச்சி நடக்காது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சமும் கூட்டாமல் எழுதியிருக்கிறேன்.

மெட்ராஸ் ராஜதானியில் என் வாயை அடைக்க ஒருவராலும் முடிந்ததில்லை. நீ ஒரு மரத்தைக் காட்டி முடித்துவிட்டாய். முடித்தாய் என்றும் சொல்ல முடியாது. மரத்தடியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் சொன்ன சுறாக் கதைக்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம். ஆனாலும் கதைக்கு நடுவே உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ ஒன்று கேட்பாய். பிறகு வாயைத் திறக்கமாட்டாய். எதிரில் இருப்பவள் மணலைக் கிளறுவாள், குழந்தையை அதட்டுவாள், கூந்தலை அவிழ்த்து முடிவாள். நீ அசையமாட்டாய். அப்புறம் அவள் பேசத் தொடங்குவாள். நிறுத்தவே மாட்டாள்.

"கேட்டுட்டுச் சும்மா இருக்கணும் மாமா. அந்தச் சும்மாவுலதான் பதில் வருது" என்று அப்புறம் சொன்னாய்.

நான் பக்கத்தில் நின்ற கதவுகளில் பதில் பழையபடி விலைதான். மரத்தடிக்குப் போன கதவுகளில் விலை என்று சொன்னவர்கள் அபூர்வம். அந்தோணியம்மா சொன்னதை நீ வீட்டில் படித்துக் காட்டியபோது, "கோச்சுக்கக் கூடாது" என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

"மயிலாப்பூர்ல பெரிய வூட்டுக்காரங்க மீனை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்து, பேரம் பேசியே வெயிலை ஏத்திடுவாங்கம்மா. உன் மாமன் கீறாரே, தங்கமான மனுசன், பேரமே பேசமாட்டாரு. கதை பேசுவாரு. கதை முடியறதுக்குள்ள என் வவ்வாலு நாறிப்பூடும். மாம்பலத்துல வாங்கினமா, கதவை மூடினமான்னு இருப்பாங்க."

எவ்வளவு சிரித்தோம்! உன் அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து என்ன என்று கேட்டாள். அவளிடம் சொல்ல நமக்கு மூச்சு இல்லை. அந்தப் பெண்கள் தேடி நடந்தது நேரத்தை. மீன் கெடுவதற்குள் விற்றாக வேண்டும். என்னிடம் அதை எப்படிச் சொல்வார்கள்? அந்த நேரத்தைத் தின்றவனே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தானே.

தீசிஸ் தேறியது. அதில் ஒரு பக்கம் முழுக்க என்னைப் பற்றி: உடன் வந்த உறவினர் ஒருவர் அருகில் நின்றபோது பதில்கள் எப்படி மாறின என்று. இங்கிலீஷை நீ தமிழாக்கிச் சொல்லக் கேட்டேன். "பேரைப் போடேன் கண்ணு" என்று எவ்வளவு கெஞ்சினேன்! "யார் பேரும் போடக் கூடாது மாமா, அது முறை" என்றுவிட்டாய். அதனால் அந்த உறவினர் நான்தான் என்பதை நானே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. நீ கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்த வருஷங்களில் உன்னிடம் படித்த பெண்களுக்கெல்லாம்கூட அது தெரிந்துபோயிற்று. இந்த மடலில் உன் பேரை நான் எங்கேயும் எழுதவில்லை, கவனித்தாயா? அது முறை.

போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். கவர்னர், கைகுலுக்கல், எல்லாம். நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. அப்போது கொல்லைவாசலில் அந்தோணியம்மா வந்து நின்றாள். கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. "உனக்கு அவ என்னம்மா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். என் ஆயுளில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"எழுதினதை எடுத்துகினு ஒரு நாளு தனியா வந்துச்சு நைனா. ஒவ்வொரு குடிசையா உக்காந்து தமிழ்ல படிச்சுச்சு. நீ சொன்னது இதுதானே, சரியா கீதான்னு கேட்டுச்சு. எங்களை யாரு அப்படிக் கேட்டாங்க? நான்கூடக் கேட்டேன், 'அந்த வாயாடி மாமனை ஏம்மா இட்டுகினு வந்தே'ன்னு. அது சொல்லிச்சு, 'மொத நாளு எனக்குக் கால் நடுங்கிச்சு அந்தோணியம்மா. அவர் சிரிக்க வெச்சதுலதான் மணல்ல கால வெச்சேன்'னு."

கண்ணு, இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு யாரிடமாவது ஏதாவது கேட்டால் நான் காத்திருக்கப் பழகிக்கொண்டு வருகிறேன். அந்தோணியம்மா மறுபடியும் தினமும் நம் வாசலுக்கு வருகிறாள். அவள் மீன் என்னால் இப்போதெல்லாம் கெடுவதில்லை.

எழுதி முடித்ததும் உன் பென்சிலை எடுத்து இந்த மடலை முதலிலிருந்து பார்த்தேன். சிவப்புக் கொஞ்சம், நீலம் கொஞ்சம், கோடே இல்லாமல் விட்டது நிறைய. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். அந்தோணியம்மா சொன்னதற்கு மட்டும் நீலத்தை இரண்டு முறை அழுத்திப் போட்டேன். பென்சில் இன்னும் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

உன் மாமா