நொச்சியாள் கொண்ட மூன்றாம் தெய்வம்

மழை பிழையாது பெய்க. மலைத்தேன் குறையாது ஊறுக. சாரல்நாடும் வெண்ணாற்றின் இருகரையும் ஆளும் கோப்பெருந்தேவி பெருங்காவியார், தம் வடவெல்லை காக்கும் பனிமலை நாடாள்வார் கீரன் செங்கோடனார்க்கு விடுக்கும் ஓலை. உம் அரணும் ஆநிரையும் இல்லத்தாரும் நலமாக இருக்க வாழ்த்துகிறோம். நாமும் நலமே.

உம் ஓலை கண்டோம். உம் ஊரில் மூலிகையும் மந்திரமும் செய்து பிணி தீர்க்கும் கட்டுவிச்சி நொச்சியாள், தான் வழிபடும் மூன்று தெய்வங்களைத் தொழில் ஏற்ற ஓராண்டுக்குள் ஊரவையில் அறிவிக்கக் கடமைப்பட்டவள், இரண்டை அறிவித்துவிட்டு மூன்றாவதைச் சொல்லாமல் நாள் கடத்துவதாக எழுதியிருந்தீர். சொல்லக் கூசும் தெய்வம் நல்ல தெய்வமாக இராது என்றும், ஆதலால் அவளைச் சூனியக்காரி என்று எல்லை கடத்த ஆணை வேண்டும் என்றும், அதுவரை ஊரார் எவரும் அவளுக்கு நெருப்போ நீரோ கொடுக்கலாகாதென்று விலக்கி வைத்திருப்பதாகவும் தெரிவித்தீர்.

வாசித்தபோது எமக்குக் கோபம் வரவில்லை, ஆவல்தான் வந்தது. உம் மலையில் நாற்பத்தொரு தெய்வங்கள் உண்டு. இரண்டைத் தயங்காமல் தேர்ந்தவள் மூன்றாவதற்கு ஏன் இப்படித் திணறுகிறாள்? அதை அறிந்துவர, எம் ஓலைகளை எழுதும் ஓலைநாயகம் எழினி நக்கனாரை அனுப்பினோம். அவர் சமையற்கட்டில் நுழைந்தாலும் உப்பு எந்த ஊரது என்று துருவிக் கேட்கும் மனிதர். ஒன்பது நாள் காலை முதல் மாலை வரை அவள் பின்னே நடக்கச் சொன்னோம்.

அவள் நெல்லை வீசிக் குறிபார்த்தோ, கனவு கண்டோ தெய்வத்தைத் தேர்வாள் என்றே நக்கனார் எண்ணிப் போனார். அவள் செய்தது வேறு. ஒரு காலைப்பொழுது முழுதும் ஒரு பாறையருகே உட்கார்ந்தாள். மறுநாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். நக்கனாரும் உட்கார்ந்தார், எறும்புக்கடி மிகுதி என்று தனியே ஒரு வரி எழுதியிருக்கிறார். தெய்வத்தைக் கொள்வதென்றால் அத்தெய்வத்துக்குரிய விலக்கையும் கொள்வது என்பது உம் மலை வழக்கமாம். தேனடைத் தாயைக் கொண்ட நொச்சியாள் நாவில் தேன் படுவதில்லை. காற்றிறையைக் கொண்டபின் அவள் வீட்டுக்குக் கதவும் இல்லை. எதைத் துறக்க மனம் ஒப்புகிறதோ அதைக் கொண்டே தெய்வத்தைத் தேர்கிறாளாம்.

எல்லாரும் அஞ்சும் இடிக்கோமானைச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்ததே என்று நக்கனார் கேட்டிருக்கிறார். அவள் விடையை அவள் வாய்மொழியாகவே எழுதினார்: “பெரிய சாமிதான், இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா அவருகிட்ட நின்னா எனக்கு நடுக்கந்தான் வருது, பேச்சு வரல. பேச்சு வராத எடத்துல நான் என்னத்தக் கும்புட?”

விசாரிக்கப் போனவர் உம் குடியையும் விடவில்லை. உம் முன்னோர் கொண்ட தெய்வம் கடலரசனாம். கடல்நீரில் கால் நனைக்கலாகாது என்பது உம் விலக்காம். உம் மலையிலிருந்து கடலோ பதினெட்டு நாள் வழி! வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு எம் குலத்து விலக்கு நினைவுக்கு வந்தது. ஞாயிறு எழுமுன் உண்ணலாகாது என்பது அது. எம் அரண்மனையில் அந்நேரம் விழித்திருப்பவர் சமையற்காரர் மட்டுமே. வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாவதாக நொச்சியாள் மனம் நின்ற இடம் மலையிடுக்கில் ஊறும் சுனைத்தாய். அவள் பறிக்கும் மூலிகை யாவும் அந்நீரில் வளர்பவை. ஆனால் சுனைத்தாயைக் கொண்டவள் தன் கையால் நீர் முகக்கலாகாது, பிறரிடம் கேட்கவும் ஆகாது. எவரேனும் தாமே கொடுத்தால்தான் குடிக்கலாம். இவ்விலக்குக்கு அஞ்சியே பல தலைமுறையாக எவரும் அத்தெய்வத்தைக் கொள்ளவில்லையாம். நக்கனார் அங்கு வருமுன்னரே அவள் துணிந்து அவைக்குப் புறப்பட்டாள்; அன்றுதான் தண்ணீர் கொடாதீர் என்னும் உம் ஆணையைப் பறையறைந்தார்கள். அதனால்தான் வேறு தெய்வம் தேடிப் பாறையருகிலும் மரத்தடியிலும் உட்கார்ந்திருக்கிறாள். நீர் அறியாமல் செய்தீர் என்றே கொள்கிறோம்.

வேறொரு தெய்வத்தைச் சொல்லி உயிர் பிழைத்துக்கொள் என்று நக்கனாரே அவளிடம் சொல்லியிருக்கிறார். எட்டாம் நாள் முழுதும் அவள் அடிக்கடி சுனைக்குப் போய், தாகம் இல்லாதபோதும் இரு கையாலும் அள்ளிக் குடித்தாளாம். பாவம், எவ்வளவு அஞ்சியிருப்பாள்!

ஒன்பதாம் நாள் நண்பகலில் அவையின் நடுவே சுனைத்தாயின் பெயரைச் சொல்லித் தன் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். நீரும் அங்கிருந்தீர். வீடு திரும்பி வாசலில் உட்கார்ந்தவளை, நிறைகுடம் சுமந்த பெண்கள் தலைகுனிந்து கடந்து போனார்கள். ஒருத்தி அழுதுகொண்டே போனாளாம். அவர்கள் கொடியவர் அல்லர், உம் ஆணைக்கு அஞ்சியவர். மறுநாள் நண்பகல் வரை எவரும் வரவில்லை, அவள் உதடு வெடித்துவிட்டது. அதன்பின், எழுத்தாணிக்கு மேல் கனமான எதையும் தூக்கியறியாத நக்கனார் சுனையில் இறங்கி, ஒரு குடம் முகந்து வந்து அவள்முன் வைத்தார். குடித்தாள். அவ்வூரார் ஒருவர் இக்குடத்தைத் தம் கையிலிருந்து வாங்கும்வரை தலைநகர் திரும்புவதில்லை என்று ஓலையை முடித்திருக்கிறார்.

ஆதலால் நாம் ஆணையிடுவதாவது: நொச்சியாள் மூன்று தெய்வங்களையும் முறைப்படி அறிவித்தவள், அவளை எல்லை கடத்துதல் இல்லை. நெருப்பும் நீரும் விலக்கிய உம் ஆணை இன்றோடு ஒழிந்தது. எனினும் அஞ்சிய ஊரில் முதற்குடம் எடுக்க எவரும் துணியார். எனவே இவ்வோலை கண்ட மறுநாள் காலை, ஏவலரை ஏவாமல் நீரே சுனைக்கு நடந்து, உம் கையால் முகந்து, ஊர் பார்க்க அவள் வாசலில் வைப்பீராக. உமக்குப் பின் வீட்டுக்கு ஒருநாள் முறை வைக்க. அவள் குடித்து முடிக்கும்வரை நின்று, இத்தனை தெய்வங்களுள் சுனைத்தாயை ஏன் கொண்டாய் என்று கேட்டு, அவள் விடையை எமக்கு எழுதுக. அதையறிய எமக்கு இன்னும் ஆவல் தீரவில்லை.

வேங்கைப்பூ முத்திரை இட்டோம். இவை பெருங்காவி தேவியின் சொந்த எழுத்து. வரி கோணியிருந்தால் பொறுத்தருள்க, எம் ஓலைநாயகம் உம் ஊரில் தண்ணீர் சுமக்கிறார். விரைந்து அவரை எமக்குத் திருப்பி அனுப்புக.