இரண்டு ஹேண்டில்பார்கள்

என் அன்புள்ள ஊசிக்காரிக்கு,

நலம். நீயும் அங்கே ஆஸ்பத்திரியில் எல்லோரையும் அதட்டிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் 'சாப்பிட்டாச்சா' என்பதைத் தாண்டி எனக்குப் பேச வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

திட்டாமல் படி. இரண்டு மாதமாக முதுகும் தோளும் பிடித்துக்கொண்டு உயிரை எடுக்கின்றன. லிஃப்ட் ரிப்பேருக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கட்டடம் போக வேண்டியிருக்கிறது. அத்தனைக்கும் நம் மோட்டார் சைக்கிள்தான். டாக்டர் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு, குனிந்து ஓட்டக் கூடாது என்றார். நம் மெக்கானிக் அண்ணன், உயரமான ஹேண்டில்பார் போட்டால் நிமிர்ந்து உட்காரலாம் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனேன். இரண்டு எடுத்து வைத்திருந்தார். ஒன்று கொஞ்சம் உயரம். இன்னொன்று நல்ல உயரம், கைப்பிடிகள் ஓட்டுபவர் பக்கமாக வளைந்து வரும். பெரியதை மாட்டி உட்காரச் சொன்னார். திருப்பினால் கைப்பிடி முழங்காலில் இடித்தது. கல்யாண போட்டோவில் விறைத்துக்கொண்டு நின்றேனே, அப்படி இருந்தேன். இது சரிப்படாது என்று பெரிய மனுஷனாகத் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அண்ணன் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஹேண்டில்பார் நல்லாத்தான் இருக்கு. நீங்க ஏன் டேங்க் மேல ஏறி உட்கார்ந்திருக்கீங்க? பின்னாடி யாரு இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சீட் காலியாகக் கிடந்தது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நான் இன்னும் உனக்கு இடம் விட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளு என்று முதுகில் குத்துவாயே, அந்த இடம். அதுவரை எனக்கே அது தெரியாது. அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சமாளித்தேன்.

பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். கை தளர்ந்தது, முதுகு நிமிர்ந்தது, சொகுசாகத்தான் இருந்தது. தனியாக ஓட்டுவதென்றால் இதுதான், இரண்டு பேர் போவதென்றால் சின்னதுதான் சரி என்றார் அண்ணன். எதை மாட்டட்டும் என்று கேட்டார். நான் அந்தக் காலி சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதக் கடைசியில் உன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னாய். உன் இஷ்டம் என்றேன். நீ ஆசைப்பட்டுப் படித்த வேலை, குறுக்கே நிற்கக் கூடாது என்று அப்படிச் சொன்னேனே தவிர, மனதாரச் சொல்லவில்லை. வீட்டில் பேச ஆளில்லாமல் லிஃப்டுக்குள் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

சின்னதையே மாட்டச் சொல்லிவிட்டேன். வலி பாதி குறைந்திருக்கிறது, மீதி இருக்கிறது. பெரியதை மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று எழுது. எதை எழுதினாலும் கோபப்பட மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெரியது எனக்கு வேண்டாம்.

இன்னும் டேங்க் மேலேயே உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்