மூக்கு நீண்ட விமானத்துக்கு வைத்த பொட்டு

மாப்ளே,

இன்று காலை முவைலாவில், நம் லேபர் கேம்புக்குப் பக்கத்து மலையாளிக் கடை வாசலில் வெண்பூசணி வந்து இறங்கியிருந்தது. மேலெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு சாக்குக்குள் சாமியார்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. "அண்ணாச்சி, ஆயுத பூஜைக்கு ஒண்ணு எடுக்கட்டே?" என்று கடைக்காரர் கேட்டார். நான் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்ற பெங்காலி, நான் எடை பார்க்கிறேன் என்று நினைத்து எனக்கு வழிவிட்டு வேறு வரிசைக்குப் போனான். எடை பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் என் கடிதத்தைப் படித்து அழாத ஆள் கிடையாது. கேம்பில் பாதிப் பேருக்குப் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். அதில் இரண்டு குடும்பம் மறுபடி சேர்ந்திருக்கிறது. ஒன்று பிரிந்தது, அதற்குக் கடிதம் காரணமில்லை.

நாம் கழுவிய அந்த விமானத்தைப் பற்றி இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சத்தத்தை முந்திப் போகும் விமானம் என்றால் இவர்களுக்கு என்ன தெரியும்? நான்தான் விளக்க வேண்டியிருக்கிறது. காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஏறினால், இறங்குகிற ஊரில் இன்னும் பலகார நேரமே வந்திருக்காது. இரண்டாம் முறை சாப்பிடலாம். பைலட் தும்மினால் தும்மல் சத்தம் பின்தங்கிவிடும். கீழே எவனோ ஒருவன் அதைக் கேட்டு 'நூறாயுசு' என்று சொல்வான். இதை ஒரு இன்ஜினீயர் எனக்குச் சொன்னார். முதல் பாதியை அவர் சொன்னார், மீதியை நானே யோசித்துக்கொண்டேன்.

பறந்தது போதும் என்று அந்த வகை விமானத்தையெல்லாம் நிறுத்தியபோது, ஒன்று மட்டும் இந்த வளைகுடாவுக்கு, நாம் டியூட்டி பார்த்த விமான நிலையத்துக்கு வந்தது. யாரோ ஒரு பெரிய வீட்டுக்காரர் அதைச் சாப்பாட்டுக் கடை ஆக்கப்போகிறார் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. விமானம் மட்டும் வேலியோரம் நின்றது. பக்கத்தில் இரண்டு பழைய சரக்கு விமானங்கள், டயர் வெடித்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு. நடுவில் இது, கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு.

நம் துப்புரவுக் கம்பெனிக்கு அதைக் கழுவும் வேலை வந்தது. வேறு யாருக்கும் அது பிடிக்கவில்லை. வெயிலில் தகரம் கொதிக்கும், காற்றடித்தால் கழுவிய ஈரத்திலேயே மணல் அப்பும். நீதான் கை தூக்கினாய். உன்னோடு நானும் தூக்கினேன். நான் இல்லாவிட்டால் அந்த வேலை நடந்திருக்காது என்பதைச் சூப்பர்வைசரே ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"பறக்காத விமானத்த எதுக்குலே இப்படித் தேய்க்க? பளபளன்னு ஆனா எந்திரிச்சிப் பறந்துருமா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"தொடைச்சு வச்ச சாமானை எவனும் தூக்கி எறிய மாட்டாம்லே" என்பாய்.

இன்னொரு நாள், இறக்கை நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நீ சொன்னது: "இந்த ஊருல நாம கட்டுன கட்டடம் எத்தன, தேய்ச்ச தரை எத்தன. முடிஞ்சதும் சாவிய வாங்கிட்டு வெளிய போன்னுட்டான். இது ஒண்ணத்தாம்லே இன்னும் யாரும் வந்து கேக்கல. இதுக்கு ஒண்ணும் ஆவ விடமாட்டேன்." சொல்லிவிட்டு ஊறுகாயைத் தேடினாய். நான் அதை ஏற்கனவே தின்றிருந்தேன்.

அந்த வருஷத்து ஆயுத பூஜையை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, உடம்பும் சிலிர்க்கிறது. மாப்பு, பக்கெட், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் கழுவி இறக்கைக்கு அடியில் வரிசையாக வைத்தோம். பூசணிக்காயை அங்கே உடைக்க வழியில்லை. விமான நிலையத்துத் தரையில் ஒரு ஆணி கிடந்தாலே ஏழு வண்டி வரும். பூசணி உடைத்தால் ராணுவம் வரும். அதனால் சுற்றிக் காட்டிவிட்டு, கேம்புக்குக் கொண்டுபோய் உடைக்கலாம் என்று பைக்குள் வைத்தாய். கற்பூரமும் ஏற்றவில்லை. "சும்மா காட்டுலே, சாமிக்கு மூக்கு இருக்குல்லா" என்றாய். முன் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நவராத வண்டிக்கு எதுக்குலே எலுமிச்சம்பழம்?"

"நவரும். நீ வை."

பிறகு பொட்டு. முன் சக்கரத்தை மூடும் கதவில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாய். ஒரே காற்றில் பறந்துபோனது. மறுபடி வைத்தாய், மறுபடி போனது. உன் பிடிவாதம்தான் ஊருக்கே தெரியுமே. டப்பாவில் இருந்த கிரீஸை எடுத்துக் குங்குமத்தை அதில் குழைத்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு பொட்டு வைத்தாய் பார், பஞ்சால் துடைத்தாலும் போகாது, பாலைவனப் புயல் அடித்தாலும் போகாது. ஐடியா கொடுத்தது நான் என்று கேம்பில் சொல்லியிருக்கிறேன். நீ மறுத்ததில்லை.

நமக்கு எங்கே தெரியும், வெட்டுகிற விமானத்துக்கு அடையாளமே முன் சக்கரக் கதவில் சிவப்பு வட்டம்தான் என்று? பக்கத்து இரண்டு சரக்கு விமானத்திலும் பழைய இரும்புக் கம்பெனிக்காரன் அதே இடத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தான். அதை நாம் பார்த்தும் இருந்தோம். 'அவனும் நம்மூர் பக்கம் போலிருக்கு, பொட்டு வச்சிருக்கான்' என்று நீதான் சந்தோஷப்பட்டாய்.

மறுநாள் காலையில் நாம் போய் இறங்கியபோது, இரும்பைக் கடிக்கிற வாய் வைத்த பெரிய மெஷின் நம் விமானத்தின் கழுத்துக்கு நேரே நின்றது. மெஷின் ஓட்டிக்கு முன்னால் பனைமர உயரத்துக்கு, இரும்புக் கம்பெனியின் பட்டாணியர் ஒருவர். கான் பாய் என்று கூப்பிட்டார்கள். நீ பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினாய். நானும் உனக்குச் சமமாக ஓடினேன்; செருப்பு அறுந்ததால் கொஞ்சம் பின்னால் வந்தேன்.

"பாய், பாய், மாஃபி கட்டிங்! வெட்டாத! மாஃபி!" என்று நீ இரண்டு கையையும் விரித்து மெஷினுக்கு முன்னால் நின்றாய்.

"ஹட் ஜாவ் பாய், தள்ளு" என்றார் கான். "லால் நிஷான் ஹை. சிவப்பு இருக்கு, வெட்டணும். கலாஸ், அவ்வளவுதான்."

"அது நான் வச்ச பொட்டு பாய்! பூஜா! பூஜா!"

"ஜஹாஸ் கா பூஜா?" கான் மெஷின்காரனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கப்பலுக்கு, காருக்குப் பார்த்திருக்கேன். செத்த விமானத்துக்குமா? யல்லா, யல்லா, கிளம்பு."

மெஷின் உறுமியது. அந்த இரும்பு வாய் ஒருமுறை திறந்து மூடியது. நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதை நான் ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை, எனக்கு நீ வேண்டும், விமானம் இரண்டாவது. நீ என் கையைத் தட்டிவிட்டு, பையிலிருந்து அந்த கிரீஸ் டப்பாவை எடுத்தாய். இரண்டு விரலால் வழித்து உன் நெற்றி முழுக்க வட்டமாக அப்பிக்கொண்டாய். மூக்கில் வழிந்தது.

"இப்ப என் மேலயும் லால் நிஷான். வெட்டு பாய். என்னைய மொதல்ல வெட்டு."

கான் பாய் உன் நெற்றியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி உன் நெற்றியைப் பார்த்தார். மெஷின்காரனிடம் கையைக் காட்டி எஞ்சினை அணைக்கச் சொன்னார். "பாகல் ஹை" என்று உனக்குப் பைத்தியப் பட்டம் கட்டினார். ஆனால் போனை எடுத்தார். நானும் உடனே ஒரு பொட்டு வைத்துக்கொண்டேன். என்னுடையது உன்னுடையதைவிடப் பெரியது.

போனுக்குப் பதில் வருவதற்குள் நம் சூப்பர்வைசர் வந்துவிட்டார். சென்னைக்காரர், வேர்த்தால் கோபம் வரும், அன்றைக்கு ஆறாக வேர்த்தது.

"யோவ், இன்னாய்யா கூத்து இது? நவுருங்க. நவுரலைன்னா பாஸ்போர்ட்டு கைல வந்துரும், ஊருக்கு டிக்கெட்டும் வந்துரும்."

"குடுங்க சார்" என்றாய் நீ. "அது வந்து சேருத வரைக்கும் இங்கனதான் இருப்பேன்." சொல்லிவிட்டு முன் சக்கரத்துக்கு அடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய். உன் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், வீடு பாதிச் சுவரில் நின்றது. அதெல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தாய்.

உச்சி வெயிலில் விமான நிலையத்துப் பெரிய அதிகாரி வந்தார். வெள்ளை அங்கி, கறுப்புக் கண்ணாடி. கான் பாய் நடந்ததை அரபியில் சொன்னார். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து உன்னைப் பார்த்தார். பிறகு விமானத்தை முழுக்க ஒரு சுற்று நடந்து வந்தார். சக்கரத்துத் தூணை ஒரு விரலால் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஹூ கிளீன் திஸ்?"

"மீ சார்" என்று நான் முன்னால் போனேன். நீ கீழேயிருந்து பார்த்த பார்வையில், "ஹீ ஆல்சோ" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் கான் பாய் பக்கம் திரும்பினார். சரக்கு விமானங்களைக் காட்டி ஏதோ சொன்னார். நம் விமானத்தைக் காட்டி, "ஹாதா மாஃபி" என்றார். இது கூடாது. அவ்வளவுதான். வண்டி ஏறிப் போய்விட்டார். கான் பாய் உன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, மெஷினைத் திருப்பிக்கொண்டு அடுத்த விமானத்துக்குப் போனார். நீ எழுந்ததும் முதல் வேலையாகக் கதவில் இருந்த பொட்டை டீசல் துணியால் அழிக்க ஆரம்பித்தாய். ஒரு மணி நேரம் அழித்தும் ரோஜா நிறத்தில் தடம் இருந்தது.

கம்பெனி உன்னை ஊருக்கு அனுப்பவில்லை. தள்ளியிருந்த தொழில்பேட்டைக்கு அனுப்பியது. லேபர் கேம்பில் கக்கூஸ் கழுவுகிற வேலை. பஸ் ஏறும்போது நீ என்னிடம் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எஞ்சின் வாய்க்குள்ள புறா கூடு கெட்டும், பாத்துக்க" என்றாய்.

சில மாதம் கழித்து அதை விமான நிலைய வாசலுக்கு இழுத்துப் போனார்கள், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று. இழுத்த டிராக்டருக்கு நான்தான் முன்னால் நடந்து வழி காட்டினேன். போலீஸ்காரரும் காட்டினார். உனக்குப் போன் போட்டுக் காற்றில் நீட்டிப் பிடித்தேன்.

"கேக்குதாலே?"

"டிராக்டர் சத்தம்லா கேக்குது."

"அதுக்குப் பின்னாலதாம்லே வருது. மெதுவா வருது."

பிறகு, "றெக்க தட்டாமப் பாத்துக்கிடச் சொல்லு" என்றாய்.

அந்தக் கோடையில் டியூட்டி முடிந்து வந்து படுத்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய் என்று உன் ரூம்காரர் சொன்னார். உன்னை ஊருக்கு ஏற்றிப் போனது சாதாரண விமானம். சத்தத்துக்குப் பின்னாலேயே போகிற வகை. நீ ஒருநாளும் சும்மா உட்கார்ந்து பயணம் போனதில்லை. அதில்தான் படுத்துக்கொண்டு போனாய்.

இப்போது நம் கம்பெனிக்கு அந்த வேலை இல்லை. வாசலில் பூச்செடி வைத்து, விளக்குப் போட்டு, வேறு கம்பெனி நேபாளிப் பையன்கள் கழுவுகிறார்கள். நான் வெள்ளிக்கிழமைதோறும் பஸ் மாறிப் போய் வேலிக்கு வெளியே நின்று சத்தம் போடுகிறேன். "பாய், மூக்குக்கு அடியில விட்டுட்டே! இறக்கை மடிப்புல மணல் இருக்கு!" முதலில் செக்யூரிட்டி விரட்டினார். நான் விமானத்தின் சொந்தக்காரனுக்கு மச்சான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யா, சொல். இப்போது என்னைப் பார்த்ததும் அந்தப் பையன்களே "மாலிக் ஆயா", முதலாளி வந்துட்டார், என்று சிரித்துக்கொண்டு மூக்குக்கு அடியில் போகிறார்கள்.

போன வாரம் பார்த்தேன், இடது பக்க எஞ்சின் வாயில் வைக்கோல் தொங்குகிறது. கேட்டால், அவ்வளவு உயரத்துக்கு அவர்களிடம் ஏணி இல்லையாம், கம்பெனி கொடுக்கவில்லையாம். கொடுக்காது. அதனால் கேம்பு ஸ்டோரில் சொல்லி ஏணியை எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். பரவாயில்லை, தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போகிறேன்.