இந்த வருஷம் நமக்குப் பூஜை இல்லை

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தொலைத்தேன். அதை விரும்பித் தின்கிறவன் பெரியவன் இளங்கோவன்தான். அவன் செத்து மூன்று மாதம் ஆகிறது. சின்னவன் விமலுக்கு அந்த வாடையே ஆகாது. ஆனாலும் வாய் திறக்காமல் தின்றுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செப்டம்பர் 22, திங்கள்

இளங்கோவனைச் சுட்டவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டதாம். கம்பெனி ஸ்கிராப்பை யார் எடுப்பது என்று தகராறு. இரும்புக் கழிவுக்காக என் பிள்ளையை நாட்டுத் துப்பாக்கியால் சுட்டான். நெஞ்சில் ஒரு பொட்டு அளவு ஓட்டை, அவ்வளவுதான். அது வழியாவா அத்தனை பெரிய உசுரு போச்சு?

விமல் செய்தியைக் கேட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துப் போனான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நான் கூட்டிப் பெருக்கும் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், மாலை. பொரி கொடுத்தார்கள், வாங்கவில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. "பைக்குக்குக்கூடப் பொட்டு வெக்காதடா" என்று விமலிடமும் சொல்லியிருந்தேன். "சரிம்மா" என்றான்.

சாயங்காலம் துவைக்க அவன் துணியை எடுக்கப் போனேன். கட்டிலுக்கடியில் ஒரு பை. உள்ளே புதுத் துண்டு, ஒரு எலுமிச்சம்பழம், துண்டெல்லாம் குங்குமம். பிரித்தேன். துப்பாக்கி.

அதுக்குப் பொட்டு வச்சி கும்பிட்டிருக்கான் — என் புள்ள!

இவன் சுட்டாலும் போச்சு, இவனைச் சுட்டாலும் போச்சு. எனக்கு இன்னா மிஞ்சும்?

அக்டோபர் 2, வியாழன்

விமல் எழுந்திருக்குமுன் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"இன்னாம்மா, பெத்த புள்ளையையே காட்டிக் குடுக்கிறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒருத்தனை மண்ணுக்குக் குடுத்துட்டேன் சார். இவனையாவது உசுரோட வச்சிக்குங்க."

ஜீப்பில் ஏற்றும்போது விமல் சொன்னான்: "நீ எனக்கு அம்மாவே கெடையாது."

சொல்லிக்கட்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அடுப்பு மூட்டவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது.

நவம்பர் 6, வியாழன்

இரண்டு தடவை ஜெயிலுக்குப் போயும், பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். இன்று வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். நானே மழை, வேலை என்று என்னென்னவோ பேசினேன்.

கழுத்தெல்லாம் கொசு கடித்த தடிப்பு. சொறிந்துகொண்டே இருந்தான்.

"சொறியாதடா, புண்ணாயிடும்."

"உனக்கின்னா?" என்று எரிந்து விழுந்தான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் குரல் காதிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து கத்தரிக்காய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். விமலுக்கு அதுதான் பிடிக்கும்.